டேப் சார் எடுத்த அளவு

ஊர் எது என்று கேட்டால் ஒரு மனிதன் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் தூரத்தைச் சொன்னார்.

"எந்த ஊரு சார் உங்களுக்கு?" என்று கேட்டேன், அவர் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று.

"இங்கேர்ந்து இருநூத்திப் பத்து மைல்மா."

இருநூற்றுப் பத்து மைல் எந்தப் பக்கம்? தெற்கா, மேற்கா, கடலுக்குள்ளேயா? நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அவர் குனிந்து என் வாசல்படியை உள்ளங்கையால் அளந்து பார்த்தார். "படி ஏழங்குலம் இருக்கு. குழந்தை இருக்கிற வீட்டுக்கு அஞ்சுதான் இருக்கணும்," என்றார். என் மகள் ஸ்டெல்லா அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். வந்து அரை நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் இந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று கணக்கெடுத்தாயிற்று. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு விழுந்த சந்தேகம் அது. இத்தனை வருஷம் கழித்து அது முழுசாகப் போய்விட்டது என்று நான் சொன்னால் பொய் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஒரு தடவை எடுக்கக்கூடாத இடத்தில் அந்தப் பெயரை எடுத்தேன், அது போதும். எங்கள் தெருவில் அவருக்கு டேப் சார் என்று பெயர். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு இரும்பு டேப் இருக்கும். இழுத்தால் சர்ரென்று நீளும், விட்டால் உள்ளே ஓடிப்போகும்.

அது எழுபதுகளின் கடைசி. ஒரகடம் என்றால் கூட்டுரோடு, இரண்டு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, பஸ் வந்து போனால் கொஞ்ச நேரம் புழுதி. அவ்வளவுதான். ஏரியை ஒட்டின தரிசில் யாரோ ஒரு கம்பெனிக்காரர் கம்பிவேலி போட்டுப் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தார். அந்தக் கட்டட வேலைக்கு மட்டம் பார்க்க வந்தவர் இவர். மூன்று கால் மேல் ஒரு கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்ப்பார். வரிசையாக ஐந்து வீடு இருந்த எங்கள் லைனில் நாங்கள் மூன்றாவது, அவர் நான்காவது. நடுவில் ஒரே சுவர்.

நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தேன். படப்பையிலிருந்துகூட ரவிக்கை தைக்க வருவார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறித் தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தார். ஓ.டி. என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், மனுஷனுக்குப் பெண்டாட்டி பிள்ளை மறந்துபோகும். அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் ஸ்டெல்லாவும்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

டேப் சாரிடம் எதைக் கேட்டாலும் அளவுதான் பதில். "கல்யாணம் ஆச்சா சார்?" என்றால், "ரூம் எட்டுக்குப் பத்துமா, ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும்," என்பார். "உடம்பு சரியில்லையா, நேத்து வேலைக்குப் போகலையே?" என்றால், "நூத்தி ஒண்ணு இருந்துச்சு, இப்ப தொண்ணூத்தொம்பது." சிரித்துப் பேச மாட்டார், முறைக்கவும் மாட்டார். சாமி படம் கிடையாது. பெண்டாட்டி படம் கிடையாது. கடுதாசி வராது. பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. எங்கள் பக்கம் 'இன்னா' என்போம், தெற்கத்தியார் வேறு மாதிரி இழுப்பார்கள், இவர் பேச்சில் எந்த மண்ணும் ஒட்டவில்லை. இப்படி ஒரு ஆளை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிப்பார். "உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? பால்காரன் மேல சந்தேகம், கோயில் பாதர் மேல சந்தேகம். என் மேல?"

"அது தனியா கீது," என்பேன்.

விமானம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் வட்டம் அடிக்கும். தாழப் பறக்கும்போது உள்ளே இரண்டு தலை தெரியும். ஸ்டெல்லா சோற்றை வாயில் வைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த கவுனோடு அவள் அண்ணாந்து நிற்கும்போது அவரும் வெளியே வந்து அண்ணாந்தார்.

"அது இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் முப்பத்தஞ்சு அடி பாப்பா," என்றார். "ஒரு அடிக்கு ஒரு அங்குலம்னு வெச்சா முப்பத்தஞ்சு அங்குலம். என் டேபிள் மேல கொள்ளும். செய்வமா?"

ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு மேஸ்திரி இன்னொரு மேஸ்திரியிடம் கேட்பது போலக் கேட்டார். அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "செய்வோம்," என்றாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "தாராளமா செய்யுங்க சார். ஆனா உள்ள வேணாம். வாசல்ல வெச்சு செய்யுங்க. கதவு தொறந்தே இருக்கணும்."

"வாசல் நாலடி அகலம். போதும்," என்றார். வேறு ஆளாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். இவருக்குச் சுருங்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகம்தான். அன்றைக்கே என் தையல் மெஷினைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். அங்கே உட்கார்ந்தால் அவர் வாசல் முழுசாகத் தெரியும்.

ஏரியில் விளையும் நெட்டியை வெட்டிக் காயவைத்து உடம்பு செய்தார்கள். கையில் எடுத்தால் எடையே இருக்காது. மூங்கில் சிம்பைச் சீவி இறக்கைக்கு எலும்பு வைத்தார்கள். அதன் மேல் பட்டம் விடுகிற தாள். வெட்டுவது அவர், அளப்பது ஸ்டெல்லா. எண்கள் சரியாகத் தெரியாத பிள்ளைக்கு ஒரு காகிதப் பட்டையில் அங்குலத்துக்கு ஒரு நிறம் அடித்துக் கொடுத்திருந்தார். "மூணு சிகப்பு, ஒரு பச்சை மாமா," என்று இவள் கத்துவாள். அவர் ஒரு தடவைகூட அதைத் திருப்பி அளந்து சரிபார்த்து நான் பார்த்ததில்லை. அவள் சொன்ன அளவுக்கே வெட்டுவார். பொருந்தவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு, "மறுபடி அளந்து சொல்லு," என்பார். ஒரே ஒரு எலும்பைப் பன்னிரண்டு தடவை செய்தார்கள். எனக்கே பொறுக்காமல் சன்னலிலிருந்து, "ஒரு நூல் கூடக்குறைய இருந்தா இன்னா சார், வுடுங்க," என்றேன். தையல்காரிக்கு நூல் கணக்கு தெரியும், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையிடம் சொன்னார். "இங்க ஒரு நூல் தப்புன்னா மேல பன்னெண்டு நூல் தப்பு பாப்பா. அதுல ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க."

சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் செய்தார். என் மெஷின் மிதிக்கும்போது கடகடவென்று ஆடும். ஒரு நாள் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தோடு வந்து மெஷின் மேல் வைத்துப் பார்த்து, முன்கால் இரண்டு நூல் குறைவு என்று சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்தார். சத்தம் நின்றுபோயிற்று. ஒரு டம்ளர் டீ கொடுத்தேன். அவர் போன பிறகுதான் யோசித்தேன். மெஷின் ஆடுவது இவருக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் வீட்டுச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாரா? டீயைக் கொடுத்த கையை நானே நொந்துகொண்டேன்.

பிறகு அந்த மயில்துத்தம். ஸ்டெல்லா சாப்பிட உட்கார்ந்தபோது விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்தது. "இன்னாடி இது?" என்றால், "பசை," என்கிறாள். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"சார், இது வெசம்னு தெரியுமா தெரியாதா?"

"ஒரு படி மாவுக்கு ஒரு சிட்டிகைமா."

"சிட்டிகையோ சீசாவோ! எம்பொண்ணு வெரல் சூப்பற பொண்ணு. அதுக்கு எதுனா ஆச்சுன்னா உங்க டேப்பை வெச்சு அளந்து குடுத்துருவீங்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. பசைக் கிண்ணத்தை எடுத்துப் போய்க் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார். அதன்பின் வெறும் மைதாதான். ஒரு வாரத்தில் பாச்சை வந்து இடது இறக்கைத் தாளை முழுசாகத் தின்றுவிட்டது. திரும்ப ஒட்டினார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெட்கமும் நீடிக்க விடவில்லை அந்த மனிதர். விமானிகள் உட்காரும் இடத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடி வேண்டும் இல்லையா, அதற்கு எக்ஸ்ரே படத்தை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் படம் போய் வெறும் தாள் நிற்கும். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக் கொடியில், துவைத்த பனியனுக்குப் பக்கத்தில், ஒரு மார்க்கூட்டு எலும்புப் படம் ஆடிக்கொண்டிருந்தது. பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதியில் விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது. தினமும் பத்துப் பேர் மார்பளவு எடுக்கிற கண் எனக்கு. அது பெரியவர் மார்பு இல்லை.

"யாரோட படம் சார் இது?"

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பத்துக்குப் பன்னெண்டுமா," என்றார். உள்ளே போய்விட்டார்.

இப்போது கம்பெனிப் பள்ளத்துக்கு வருகிறேன். ஏரிப் பக்கம் தோண்டினால் ஊற்று வராமல் என்ன வரும்? இறைக்க இறைக்க நிரம்பியது. ஒரு பக்கம் மண் சரிந்தது. அந்த வேலைக்குக் கூலிக்குப் போனவன் எங்கள் லைனில் முதல் வீட்டுக்காரன். அவன் பெண்டாட்டி கன்னியம்மா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, சேதி தெரியுமா? மூணு தபா மோட்டர் வெச்சு எறச்சுட்டானுங்க. காலீல போய்ப் பாத்தா மறுபடி ரொம்பிக் கீது. பள்ளம் காவு கேக்குதுன்றாங்க."

"இன்னா காவு? கோழியா, ஆடா?"

"ஆட்டுக்கெல்லாம் அடங்கற பள்ளமா அது? தலைச்சன் புள்ள வோணுமாம். படப்பையில ஒரு புள்ளயக் காணோமாம், தெரியாதா உனுக்கு?"

படப்பைப் பிள்ளை வாலாஜாபாத்தில் அத்தை வீட்டில் இருந்தது, அரை நாளில் கிடைத்துவிட்டது. அந்தச் சேதி மட்டும் எங்கள் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் இப்படி ஒரு பேச்சு கிளம்பும் என்று எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போகிறவள், இதையெல்லாம் நம்பக்கூடாது என்றும் தெரியும். ஆனால் ஸ்டெல்லா எங்கள் தலைச்சன். என் வயிறு யார் சொல்வதையும் கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, பிளேன் படம் பாரு." டேப் சாரின் நோட்டு. விமானத்தை மேலிருந்து, பக்கத்திலிருந்து, அடியிலிருந்து போட்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எண். திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பில் 'பாப்பா' என்று இருந்தது.

கீழே அளவுகள். நின்றால் முப்பத்தொன்பது அங்குலம். உட்கார்ந்தால் இருபத்தொன்றரை. உட்கார்ந்தபடி முட்டி வரை. தலைச் சுற்றளவு. தோள். முழங்கையிலிருந்து விரல் நுனி. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே.

நான் தையல்காரி. கவுன் தைக்கத் தோள், மார்பு, இடுப்பு, உயரம், கை எடுப்போம். உட்கார்ந்த உயரத்தை எந்தத் துணிக்கும் எடுக்க மாட்டோம். கண்ணுக்கு நடுவே எடுக்கவே மாட்டோம். ஒரு பிள்ளையை உட்காரவைத்து உச்சந்தலை வரை அளப்பது எதற்கு? உட்காரவைத்து மூடுகிற ஒரு குழிக்கு.

"எப்படி இதெல்லாம் எடுத்தாரு?"

"நீ தண்ணிக்குப் போயிருந்தப்ப நான் அசையாம உக்காந்தேன்மா. அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு," என்றாள்.

அவர் வீடு எட்டு தப்படி தூரம். போய்க் கேட்டிருக்கலாம். மயில்துத்தத்துக்குப் போய் நின்ற வாய்தானே இது? அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கன்னியம்மாவிடம் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னேன், நோட்டைச் சொன்னேன், எலும்புப் படத்தைச் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாத," என்று கடைசியில் அதையும் சொன்னேன். கன்னியம்மாவிடம் அப்படிச் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் சாயங்காலம் வெயில் இறங்கும்போது அவர் வாசலில் இருபது பேர் நின்றார்கள். கூட்டுரோடு டீக்கடையிலிருந்துகூட வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். கன்னியம்மா புருஷன் ஸ்டெல்லாவை என் இடுப்பிலிருந்து வாங்கி நடுவில் நிறுத்தினான். குந்தி உட்கார்ந்து அவள் கன்னத்தைத் தொட்டான்.

"பயப்படாத கண்ணு. அந்த மாமா உன்னை இன்னா பண்றேன்னாரு?"

அவளுக்குச் சந்தோஷம். இத்தனை பேர் அவளிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. "என்னை உள்ள உக்கார வெச்சு மேல மூடிருவாரு," என்றாள். "அப்புறம் அம்மா கூப்பிட்டாக்கூட நான் எறங்க மாட்டேன்."

பிறகு யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை. அவரை உள்ளேயிருந்து இழுத்து வந்தார்கள். சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தான் ஒருத்தன்.

"எதுக்குடா புள்ளய அளந்தே? சொல்றா!"

ஒரே ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். பொம்மைக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த நிலைமையிலும் அவர் வாயில் வந்தது அதுதான். "ஒரு அடிக்கு ஒரு அங்குலம்... பாப்பா மூணேகால் அங்குலம் வருது..."

"இன்னாடா ஒளர்றே?" முதல் அடி விழுந்தது.

அவர் திமிறிக்கொண்டு உள்ளே ஓடினார். கத்தி எடுக்கப் போகிறான் என்று யாரோ கத்தினார்கள். அவர் இரண்டு கையாலும் விமானத்தை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். முடிந்திருந்தது அது. வெள்ளி நிறம் அடித்து, வாலில் ஒரு கோடு போட்டு, முப்பத்தைந்து அங்குலம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அது அழகாக இருந்தது. காட்டத்தான் கொண்டுவந்தார். யாருடைய முழங்கை பட்டது என்று தெரியாது. விழுந்தது. யாருடைய கால் மிதித்தது என்றும் தெரியாது. நெட்டி மிதிபட்டால் சத்தமே வராது. மேல்மூடி தெறித்து எங்கேயோ போயிற்று. உள்ளே இருந்த ஒரு சின்னப் பொருள் உருண்டு வந்து என் கால் பக்கம் நின்றது.

குனிந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நெட்டியில் செய்த ஒரு பெண் பிள்ளை, உட்கார்ந்த வாக்கில். இரண்டு பின்னல். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட கவுன். அது ஸ்டெல்லாவுக்கு ஈஸ்டருக்கு நான் தைத்த கவுனில் மிஞ்சின துணி. தையல் கோணலும் மாணலுமாக ஓடியிருந்தது, கடைசியில் இரட்டை முடிச்சு. இரட்டை முடிச்சுப் போட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் துணி மூட்டையிலிருந்து எடுத்து அவளே தைத்திருக்கிறாள். அம்மாகிட்ட சொல்லாதே என்றது இதற்கு. உட்கார்ந்த உயரம் இதற்கு. கண்ணுக்கு நடுவே எடுத்தது இதற்கு. எல்லாம் எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை கூட்டத்தில் என்னை மட்டும்தான் பார்த்தார். அந்தத் துணி யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். என் புடவைக் கரை அந்தப் பொம்மையை மூடிக்கொண்டது. அப்படியே நின்றேன். என் பேச்சை நம்பி வந்த இருபது பேர் முன்னால், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை இன்னும் நாலு அடி அடித்தார்கள். கம்பெனி லாரி ஒன்று வந்தது, அதிலிருந்து இறங்கின மேஸ்திரி கூட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் போன பிறகு பொம்மையை எடுத்து அடுப்பில் போட்டேன்.

காலையில் பெட்டியை எடுக்க வந்தார். உதடு வீங்கியிருந்தது. கதவிடுக்கில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஸ்டெல்லா வெளியே ஓடிவிட்டாள். "மாமா, ஒடைஞ்சதெல்லாம் நான் பொறுக்கி வெச்சிருக்கேன் மாமா," என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அவர் பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு இரண்டு தப்படி பின்னால் போனார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். பிள்ளையைத் தொடவில்லை என்று தெருவுக்குக் காட்ட. பஸ் வருகிற வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கம்பெனி பிறகு நிமிர்ந்து நின்றது. ஊற்றை அடைத்தார்கள், தூண் எழுந்தது, ஒரு கோழிகூடக் காவு கொடுக்கவில்லை.

அவர் நல்லவர் என்று இப்போது நான் எழுதினால் அதுவும் என் சௌகரியத்துக்குத்தான். இருநூற்றுப் பத்து மைலில் எந்த ஊர்? அந்தச் சின்ன மார்க்கூடு யாருடையது? அவருக்கு ஒரு பிள்ளை இருந்ததா, என்ன ஆயிற்று? ஏன் ஒரு மனிதன் எதையும் வாயால் சொல்லாமல் வாழ வேண்டும்? எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரியாததை நம்பவும் என் புத்திக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்த அளவு எதற்கு என்பது. அது தெரிந்தும் நின்றேன் என்பது.

இதை எழுதுவது அவருக்காக இல்லை. ஸ்டெல்லாவுக்காக. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாள். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்தில் ஜாமெட்ரி பாக்ஸைத் திருடினவளைக் கண்ணால் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று நின்று அடி வாங்கினாள். மாமியார் வீட்டில் எது கேட்டாலும், "எனக்குத் தெரியாதுங்க." திமிர் பிடித்தவள் என்று பெயர். என்னிடம் மட்டும், எப்போதாவது, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள். "நான் சொன்னதாலதானம்மா அவரை அடிச்சாங்க? அதான் என்கிட்ட பேசாம போயிட்டாரு."

"வுடுடி. சின்னப் புள்ள நீ. உனுக்கு இன்னா தெரியும்?" என்பேன்.

நாற்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறேன். அவளை மன்னிப்பது போலச் சொல்லிச் சொல்லி, அவள்தான் அதைச் செய்தாள் என்று அவள் மனசில் நானே ஆணி அடித்திருக்கிறேன்.

ஸ்டெல்லா, உன்னைக் கேட்பதற்கு முந்தின நாள் காலையிலேயே அந்தத் தெருவுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லியிருந்தேன். நீ வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அவரை அடித்திருப்பார்கள். நீ தைத்த பொம்மை என் கால்மாட்டில் கிடந்தது, அதை நான் பார்த்தேன். அவர் உன் மேல் கோபமாகப் போகவில்லை, கண்ணு. உன் அம்மாவுக்குப் பயந்துகொண்டு போனார்.